விஞ்ஞானி அக்காவுக்கு வந்த எதிர்ப்புகள்

எங்கள் பல் டாக்டரிடம் வருகிறவர் நீதிபதியாக இருந்தாலும் சரி, நாலு பேர் தலையில் மிளகாய் அரைத்துப் பிழைக்கும் வீட்டுத் தரகராக இருந்தாலும் சரி, நாற்காலியில் சாய்ந்த பிறகு பேச முடியாது. வாயில் பஞ்சு, சின்னக் கண்ணாடி, எச்சிலை உறிஞ்சும் குழாய், போதாததற்கு டாக்டரின் இரண்டு விரல். இப்படி ஒரு சபை தினமும் வாயைப் பிளந்துகொண்டு கிடைத்தால், பேசத் தெரிந்த ஒருத்தி சும்மா இருப்பாளா? எங்கள் அக்கா இருக்கவில்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. டாக்டருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுத்து, உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு நாற்காலி ஓரம் நிற்கும் உதவியாளர். நான் முன்மேசைக்காரி. பெயர் கூப்பிடுவது, பணம் வாங்குவது, பயந்து எழுந்து ஓடப் பார்ப்பவர்களை உட்கார வைப்பது என் வேலை. எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் அரைக் கதவு. கதவுதான் பாதி, அவள் பேச்சு முழுசாக என்னிடம் வந்து சேரும். அவளுக்கு விஞ்ஞானி அக்கா என்று பெயர் வைத்ததும் நான்தான். கேலிக்கு வைத்தேன். அவள் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டாள்.

வேலைக்கு வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் வருகிற அறிவியல் செய்தி, புது போன் செய்தி, விளையாட்டுச் செய்தி எல்லாவற்றையும் மேய்ந்துவிடுவாள். விளையாட்டு என்றால் பந்து விளையாட்டு அல்ல, பிள்ளைகள் கணினியில் ஆடுகிற சண்டையும் ஓட்டமும். ஆனால் புதிதாக எதையும் வாங்கமாட்டாள். அவளுடைய போன் கீறல் விழுந்து, ஓரத்தில் பசை நாடா ஒட்டி, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். கேட்டால், “வாங்கிட்டா அதுக்கு வக்காலத்து வாங்கத் தோணும். வாங்காதவதான் உண்மையைச் சொல்ல முடியும்” என்பாள்.

அவள் அபிப்பிராயம் ஒவ்வொன்றும் பல்லில் தொடங்கிப் பல்லில் முடியும். மடிக்கிற போன் வந்த புதிதில் அவள் சொன்னது எனக்கு மனப்பாடம். “மடிச்சா இடுக்கு வரும். இடுக்கு வந்தா அழுக்கு சேரும். அழுக்கு சேர்ந்தா சொத்தைதான். இது தெரிய அவ்வளவு பெரிய படிப்பு எதுக்கு, என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வாயை இன்னும் கொஞ்சம் திறங்க சார்.” ராத்திரி முழுக்க போனை சார்ஜில் போடுவது மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு தூங்குவதற்குச் சமம். தூக்கத்தை அளக்கிற கைக்கடிகாரம் வந்தபோது, “நான் தூங்கினது எனக்குத் தெரியலைன்னா நல்லாத் தூங்கியிருக்கேன்னு அர்த்தம். இதை ஒரு கடிகாரம் வந்து சொல்லணுமா?” என்றாள்.

கணினி விளையாட்டுகள் மேல் அவளுக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. அவள் மகள் ஆடும்போது பின்னால் நின்று பார்த்து வளர்த்துக்கொண்ட குறை. “வருஷக்கணக்கா காட்டுல அலையுறான். பேயோட சண்டை போடுறான். கிடைச்சதைத் தின்னுட்டுக் கல்லு மேல படுத்துக்கிறான். பல்லு மட்டும் விளம்பரத்துல வர்ற மாதிரி பளபளன்னு இருக்கு. மரத்துல இலை ஒண்ணொண்ணா அசையுதாம். ஒருத்தனுக்காவது ஈறு வீங்கியிருக்கா? இதுக்குப் பேரு தத்ரூபமா?” இதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த பையனுக்கு வாயில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் கண் மட்டும் அங்கும் இங்கும் உருண்டதாக டாக்டர் சொன்னார்.

விஞ்ஞானமும் தப்பாது. எங்கேயோ எலிக்குப் புதுப் பல் முளைக்க வைக்கிறார்களாம் என்று படித்துவிட்டு வந்து, “எலிக்கு எதுக்கு? அதுக்குத்தான் முன்பல்லு பாட்டுக்கு வளந்துக்கிட்டே இருக்கே. இல்லாதவனுக்குக் கொடுக்காம இருக்கிறவனுக்கே கொடுக்கிறது இங்கேயும் வந்துடுச்சு” என்று பொரிந்து தள்ளினாள். கருந்துளையின் படம் பத்திரிகையில் வந்த அன்று, “பிரபஞ்சத்துக்கு விழுந்த சொத்தை. சின்னதா இருக்கும்போதே அடைச்சிருக்கணும்” என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

வீட்டில் இவ்வளவு பேச அவளுக்கு வாய்ப்பில்லை. அவள் வீட்டுக்காரர் மர அறுவை ஆலையில் வேலை செய்கிறவர். நாள் முழுக்க ரம்பச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிற மனுஷன், வீட்டில் ஸ்பூன் கீழே விழுந்தாலே முகத்தைச் சுளிப்பார். நல்லவர்தான். “நீ சொன்னா சரிதான்மா” என்று சொல்லி, பேச்சு தொடங்குமுன் முடித்துவைப்பதில் கெட்டிக்காரர். மகள் காதில் எப்போதும் ஹெட்போன். அம்மா பத்து நிமிடம் பேசினால் ஒரு காதைத் திறந்து “ம்?” என்பாள். ஆகவே அக்காவுக்கு உலகத்தில் இருந்த ஒரே மேடை அந்த நாற்காலி ஓரம்தான். அங்கே அவள் பேசியதை யாரும் மறுத்ததில்லை. தான் சொல்வதை ஊரே ஒத்துக்கொள்கிறது என்று நம்பிக் குஷியாக இருந்தாள்.

மறுப்பெல்லாம் எங்கே போனது என்றால், என்னிடம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். மரத்துப்போகிற ஊசி போட்ட வாய். அரைமணி நேரமாக ஒருத்தி காதருகே நின்று தப்புத் தப்பாகப் பேசியிருக்கிறாள். பதில் நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நிற்கிறது. எழுந்ததும் அவள் அடுத்த கருவியைக் கழுவப் போய்விட்டாள். மனுஷன் நேரே என் மேசைக்கு வருகிறார், பணத்தை எடுக்கிறார், உதடு தன் இஷ்டத்துக்குக் கோணிக்கொண்டு போக, “அந்த அஹ்ஹா ஹொன்னது தஹ்ஹு” என்கிறார். முதலில் எனக்குப் புரியவில்லை. பழகப் பழக மரத்த வாய்ப் பேச்சில் நான் தேறிவிட்டேன். பாதி முகம் தூங்கினாலும் எனக்கு ஒரு வார்த்தை தப்பாது.

லிப்ட் மெக்கானிக் ஒருவர் வருவார், கடைவாயில் பல் பல்லாகப் பிரச்சினை உள்ளவர். மடிக்கிற போனைப் பற்றி அவர் சொன்னது: “திறந்து மூடுறது அழுக்கு சேர்ந்து கெட்டுப்போகும்னா, ஊர்ல ஒருத்தனும் லிப்ட்ல போக முடியாது. கீல் நல்லா இருந்தா காலத்துக்கும் நிக்கும்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க.” கணக்கு டீச்சர் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, கருந்துளை ஓட்டை இல்லை, எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும் அடைசல் என்றும், அதை அடைக்கச் சொல்வது அடைத்த பல்லை மறுபடி அடைப்பது போல என்றும் பாடமே எடுத்தார். பஸ் டிரைவர் ஒருவருக்கு வேறு கோபம். பகல் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கணினியில் பஸ் ஓட்டுகிறவன் பைத்தியக்காரன் என்று அக்கா சொல்லிவிட்டாளாம். “அந்த பஸ்ல யாரும் சில்லறை கேட்டு சண்டை போட மாட்டாங்க மேடம். அதுக்குத்தான் ஓட்டுறேன்” என்றார். சொல்லும்போது பாதி உதட்டில் ஒரு புன்னகை, மீதிப் பாதி மரத்துக் கிடந்தது.

இதையெல்லாம் நான் அக்காவிடம் சொன்னதில்லை. அவ்வளவு சந்தோஷமாகப் பேசுகிறவள் வாயில் மண்ணைப் போடுவானேன் என்று விட்டுவிட்டேன்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான், பல் மருத்துவக் கருவிகளின் கண்காட்சிக்கு டாக்டர் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அவள் காலே தரையில் பாவவில்லை. நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் பொருத்துகிற திரை ஒன்று பார்த்திருக்கிறாள். படுத்திருப்பவர் காதில் ஹெட்போன், கண்ணுக்கு மேலே படம். கூடவே உறிஞ்சு குழாயைத் தானே பிடித்துக்கொள்ளும் வளையும் கம்பி. இரண்டையும் வாங்கியே ஆகவேண்டும் என்று டாக்டரை விடாமல் நச்சரித்தாள். எந்தத் திரையில் நிறம் சரியாக வரும், எதில் கண் கூசும், எந்தக் கம்பி வளைத்த இடத்தில் நிற்கும் என்று அவள் சொல்லச் சொல்ல டாக்டர் தலையாட்டினார். பொருத்த வந்தவரிடம் அவள்தான் நின்று வேலை வாங்கினாள். திரையில் முதல் வெளிச்சம் வந்தபோது கையைத் தட்டினாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் டாக்டர் நல்ல மனசோடுதான் சொன்னார். “சிஸ்டர், இனிமே நீங்க கால் கடுக்க இங்க நிக்க வேண்டாம். குழாயைக் கம்பி பிடிச்சுக்கும். பயம் தெரியாம இருக்கத் திரை இருக்கு. நீங்க பின்னறையில உக்காந்து கருவியெல்லாம் சுத்தம் பண்றதைப் பாத்துக்கோங்க. ஒரு வாரம் பாப்போம். சரியா வந்தா அப்படியே வெச்சுக்கலாம்.”

அக்கா “சரி டாக்டர்” என்றாள். அவள் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பின்னறை என்பது ஜன்னல் இல்லாத ஓர் இடுக்கு. ஒரு பக்கம் கழுவுதொட்டி, மறுபக்கம் கருவிகளை வேகவைத்துக் கிருமி நீக்குகிற பெட்டி. அந்தப் பெட்டி அவ்வப்போது உஸ் என்று மூச்சு விடும். பேச்சுத் துணை அது ஒன்றுதான். அரைக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் இல்லாமல், என் மேசை சாவு வீட்டு வாசல் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு வேலையே ஓடவில்லை.

ஆனால் திரை செய்த கூத்து இருக்கிறதே, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதலில் டாக்டர் மீன் படம் போட்டார். நீலத் தண்ணீர், மெல்லிய இசை, மீன்கள் போகின்றன, வருகின்றன. நாற்காலியில் இருந்த தையல்காரம்மா பாதியில் தூங்கிவிட்டார். தூங்கினால் மனுஷ வாய் என்ன செய்யும்? மூடிக்கொள்ளும். உள்ளே டாக்டரின் விரல் இருந்தது. காலமெல்லாம் பல்லைப் பிடித்துப் பிழைத்தவரை அன்றைக்குப் பல் பிடித்துக்கொண்டது. விரலில் கட்டோடு வெளியே வந்து என்னிடம், “நாளையிலிருந்து தூக்கம் வராத படம் வேணும்” என்றார்.

மறுநாள் சமையல் நிகழ்ச்சி போட்டார். எண்ணெயில் ஏதோ பொரிகிறது, மேலே ஏதோ தூவுகிறார்கள். படுத்திருந்த தபால்காரர் சாப்பிடாமல் வந்திருந்தார். வாயில் ஊறிய வெள்ளத்துக்குக் கம்பி பிடித்த குழாய் ஈடு கொடுக்கவில்லை. கையால் பிடித்திருந்தால் அங்கே இங்கே நகர்த்தியிருப்பார்கள். கம்பிக்கு அந்த அறிவு ஏது? அது உள்கன்னத்தைக் கவ்விக்கொண்டு கீச்சென்று கத்தியது. தபால்காரரும் கத்தினார். அடுத்து வரிசையில் இருந்த இருவர் மெதுவாக எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்கள். ஒருவரை மட்டும்தான் என்னால் பிடிக்க முடிந்தது.

கடைசியாக வந்தது கார் பந்தய விளையாட்டு. கண் மூடாது, பசி எடுக்காது என்று டாக்டர் கணக்குப் போட்டிருந்தார். படுத்திருந்தவர் நம்ம பஸ் டிரைவர். திரையில் கார் இடதுபக்கம் திரும்பியது. டிரைவரின் தலையும் இடதுபக்கம் திரும்பியது. டாக்டரின் துளைக்கிற கருவி காற்றில் நின்றது. “தலையை அசைக்காதீங்க” என்று டாக்டர் சொன்னது ஹெட்போனுக்குள் போகவில்லை. கார் வலதுபக்கம் வளைந்தது. மனுஷன் உடம்போடு சேர்ந்து வளைந்தார். முன்னால் ஒரு லாரி வந்ததும் வலது காலால் ஓங்கி பிரேக் அடித்தார். அந்தக் காலுக்கு நேரே கருவிகள் வைத்த தட்டு இருந்தது. அந்தச் சத்தம் தெருவரை கேட்டது. நான் மேசைக்கு அடியில் குனிந்து சிரித்தேன். குனிந்தது பேனா எடுக்க என்று வரிசையில் இருந்தவர்கள் நம்பியிருந்தால் நல்லது.

அன்று மத்தியானம் இரண்டு டீயோடு பின்னறைக்குப் போனேன். கார் கதையைச் சொன்னால் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தொட்டி ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள். ஆனால் மேலோட்டமாக.

“அது கெடக்கட்டும்டி,” என்றாள். “நான் ஒண்ணு கேக்கிறேன், மறைக்காம சொல்லு. இத்தனை வருஷமா நான் அங்க நின்னு பேசினதை ஒருத்தராவது காதுல வாங்கியிருப்பாங்களா?”

“ஏன்க்கா அப்படிக் கேக்கிறீங்க?”

“வாங்கியிருந்தா ஒருத்தராவது ‘இல்லை, நீ சொல்றது தப்பு’ன்னு சொல்லியிருப்பாங்களே. நான் பேசினது எல்லாமா சரியா இருக்கும்? எனக்கே தெரியுமே, பாதி அடிச்சு விட்டதுதான். வீட்லயும் ‘நீ சொன்னா சரிதான்மா’. இங்கேயும் கப்சிப். இந்தப் பெட்டிகிட்ட பேசினதுக்கும் அவங்ககிட்ட பேசினதுக்கும் என்னடி வித்தியாசம்?” அவள் கண் கலங்கியிருந்தது. கிருமி நீக்கும் பெட்டி உஸ் என்றது.

 அவள் சந்தோஷத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் எதைப் பூட்டி வைத்திருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. டீயைக் கீழே வைத்தேன்.

“அக்கா, மடிக்கிற போனைப் பத்தி நீங்க சொன்னது சுத்த அபத்தமாம்.”

“யார் சொன்னது?”

“லிப்ட் மெக்கானிக். திறந்து மூடுறது கெடும்னா ஊர்ல லிப்டே ஓடாதாம். கீல் நல்லா இருக்கணுமாம், அவ்வளவுதானாம்.”

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். “லிப்ட்டும் போனும் ஒண்ணா? லிப்ட்டைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு உக்காருவானா? எப்ப சொன்னான்?”

“ரெண்டு வருஷம் இருக்கும். போன மாசமும் சொன்னார். இன்னும் கோபம் தீரலை.”

“ரெண்டு வருஷமா மனசுல வெச்சிருக்கானா?” என்று கேட்டாள். கேட்கும்போதே முகம் மலர்ந்துவிட்டது. “வேற யாரு?”

நான் ஆரம்பித்தேன். கணக்கு டீச்சர் சொன்ன அடைசலைச் சொன்னேன். “அடைச்சதைத்தான் அடைக்கச் சொன்னேனா?” என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். டிரைவரின் சில்லறையைச் சொன்னேன். “அது நியாயம்டி, அதுல நான் தோத்தேன்” என்றாள். வாயில் கம்பி கட்டிய பையன், தான் ஆடும் விளையாட்டில் சொத்தைப் பல் கிழவன் ஒருவன் இருக்கிறான் என்று மூன்று முறை வந்து சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னேன். “யாரு அந்தக் கிழவன்? எந்தப் பல்லு?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கைக்கடிகாரம், சார்ஜ், எலி, ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பு இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் சண்டைக்குப் போனாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். திட்டினாள். ஒரு கட்டத்தில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். இவ்வளவு பேர் தன்னைத் தப்பு என்று சொல்லிவிட்ட சந்தோஷம் அவளுக்குத் தாங்கவில்லை. எனக்கும்தான்.

சத்தம் கேட்டு டாக்டர் எட்டிப் பார்த்தார். விரலில் கட்டு, மேல்சட்டையில் துவைத்தும் போகாத தபால்காரரின் கறை. “சிஸ்டர், திரையில இனிமே என்ன போடலாம்? நீங்களே சொல்லுங்க” என்றார் பாவமாக.

நான்தான் முந்திக்கொண்டேன். “எதைப் போட்டாலும் வாய் மூடிடும் டாக்டர். அக்கா பேசினா மட்டும்தான் மூடாது. எல்லாரும் அக்காவுக்குப் பதில் சொல்லத் துடிக்கிறாங்க. அதுக்காகவே திறந்து வெச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க.”

டாக்டர் கொஞ்ச நேரம் தன் விரலையே பார்த்தார். அக்கா நாற்காலி ஓரத்தில் நின்றிருந்த இத்தனை வருஷத்தில் அந்த விரலை யாரும் கடித்ததில்லை. அது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். “நாளைக்கே வந்துடுங்க சிஸ்டர்” என்றார்.

மறுநாள் காலை முதல் ஆள் லிப்ட் மெக்கானிக். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்தபோது அக்கா அவர் கையைத் தடுத்துவிட்டாள்.

“ஒரு நிமிஷம் டாக்டர். சார், என்மேல உங்களுக்கு என்னமோ கோபமாமே. சொல்லுங்க, கேக்கிறேன்.”

மெக்கானிக்குக்குக் கிடைத்தது வாய்ப்பு. மனுஷன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மடிக்கிற போனில் ஆரம்பித்து, கீல், கம்பி, கதவு என்று போய், கைக்கடிகாரத்துக்கு வந்து, எலிக்குத் தாவி, மறுபடி கீலுக்கே வந்தார். வரிசை நீண்டுகொண்டே போனது. டாக்டர் இரண்டு முறை கனைத்தார். “பேசட்டும் டாக்டர்” என்று அக்கா மெதுவாகச் சொன்னாள். நான் அரைக் கதவுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். முகத்தில் கட்டிய துணிக்கு மேலே அவள் இரண்டு கண்ணும் பெரிதாக, அசையாமல், அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அந்த அறையில் அவள் பேச்சைவிட அடுத்தவர் பேச்சு அதிகம் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

மெக்கானிக் மூச்சு வாங்கிக்கொண்டு சாய்ந்தார்.

“முடிச்சிட்டீங்களா சார்?”

“இப்போதைக்கு முடிச்சிட்டேன்.”

“டாக்டர்,” என்றாள் அக்கா, குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு. “ஊசியைப் போடுங்க. நான் இவருக்குப் பதில் சொல்லணும்.”